‘அவசரம் லேது’ என்று நான் எழுதிய மினிட்ஸ்

1. மேசைமேல் ஒரு கொடி

கோவிந்தம்மா ஆபீசுக்குள் நுழைந்ததும் என் மேசைமேல் ஒரு சிவப்புக் கொடியைக் கம்போடு தூக்கிப் போட்டார். கம்பின் நுனியில் ஈர மண் ஒட்டியிருந்தது. நான் அப்போது மண்டல ரெவின்யூ ஆபீசில் டெப்டி தாசில்தார். கோவிந்தம்மா நொச்சிப்பேட்டில் இரண்டு ஏக்கர் நெல் பயிரிடுகிறவர். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திர ஊர் அது. வீட்டுக்குள் தமிழ், சந்தையில் தெலுங்கு.

“இன்னா மேடம் இது? எங்க ஏரிக்குத் தண்ணி வர்ற கால்வாயில கொடி நட்டுக்கினு போறானுங்க. கேட்டா, கம்பெனிக்கு எடம் உட்டாச்சு, நீங்கதான் கால்வா வேணான்னு சொல்லிட்டீங்கன்றான். யாரு சொன்னது?”

“கிராம சபையில நீங்கதான சொன்னீங்க?” என்றேன்.

“அடப் பாவமே! அவசரமில்லன்னுதான சொன்னேன்? வேணான்னா சொன்னேன்?”

எனக்குச் சுரீர் என்றது. அந்தச் சபையின் மினிட்ஸை எழுதியவள் நான்.

சபை நடந்தது இரண்டு மாதம் முன்பு. தாசில்தார் கடப்பா பக்கத்துக்காரர், தமிழ் தெரியாது. “ஈ கால்வ மீக்கு அவசரமா அம்மா?” என்று கேட்டார். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. இந்தக் கால்வாய் உங்களுக்குத் தேவையா என்பது கேள்வி. கோவிந்தம்மா ஒரு வருடமாகக் கால்வாயைத் தூர் வாரச் சொல்லி மனு கொடுத்துக்கொண்டிருந்தவர். அந்த வேலைதான் அவசரமா என்று கேட்கிறார்கள் என்று எண்ணிவிட்டார். “நடவு முடிஞ்சிபோச்சு. இப்போ அவசரமில்ல சார்” என்றார். பக்கத்தில் உட்கார்ந்து நான் தெலுங்கில் எழுதினேன்: அவசரம் லேது. தேவையில்லை. கீழே வரிசையாகக் கைநாட்டும் கையெழுத்தும் விழுந்தன.

எங்கள் நைனா சித்தூர் மிஷன் ஸ்கூலில் தமிழ் வாத்தியார். நான் படித்தது தெலுங்கு மீடியம். இரண்டு பாஷையிலும் என்னைப்போல் வேகமாக எழுதுகிற ஆள் டிவிஷனிலேயே கிடையாது என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. அந்தத் திமிர்தான் அன்று காதை அடைத்துவிட்டது.

2. போய்விடுவோம்

அந்தக் கம்பெனியைப் பற்றிச் சொல்லவேண்டும். தடா ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளி, மோட்டார் சாமான் செய்கிற தொழிற்சாலைக்கு இடம் கேட்டிருந்தார்கள். நொச்சிப்பேட்டுக் கால்வாய் அந்த இடத்துக்குள் வந்தது. அவர்களுக்காக ஆபீஸ் ஆபீசாக அலைந்தவர் சென்னையிலிருந்து தினமும் காரில் வருகிற ஒரு மேனேஜர். மிகவும் பணிவானவர். ஒருநாள்கூடக் குரலை உயர்த்தியதில்லை. கையில் ஒரு மேப் வைத்திருப்பார். நடுவில் மாநில எல்லை, இந்தப் பக்கம் ஒரு வட்டம், அந்தப் பக்கம் ஒரு வட்டம்.

“நாங்க எதையும் டிமாண்ட் பண்ணல மேடம். அந்தப் பக்கம் சைட் ரெடியா இருக்கு. இங்க லேட்டானா, அங்கேயே போயிடலாம்னு போர்டுல பேசிக்கிறாங்க. அவ்ளோதான்.”

அந்த ‘அவ்ளோதான்’ ஒவ்வொரு தடவை வந்துபோன பிறகும் மேலேயிருந்து ஓர் ஆர்டர் வரும். ரோடு அகலமாகும். தனி கரண்ட் லைன் வரும். முப்பது நாள் எடுக்கிற பைல் ஏழு நாளில் முடியவேண்டும் என்பார்கள். இந்த விஷயத்தில் யாரும் கை நீட்டவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். லஞ்சம் வாங்கினவனையாவது பிடித்துவிடலாம். இங்கே எல்லாரையும் ஆட்டி வைத்தது பயம். பணத்துக்குச் சக்கரம் இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் உருண்டு போகும். கோவிந்தம்மாவின் இரண்டு ஏக்கர் எங்கே போகும்?

மினிட்ஸைத் திருத்தவேண்டும் என்று தாசில்தாரிடம் சொன்னேன். பாவம், அவர் முகம் வெளுத்துவிட்டது. “வாள்ளு வெள்ளிப்போதே மன மீதகே ஒஸ்துந்தம்மா” என்றார். கம்பெனி போய்விட்டால் பழி நம் தலையில்தான் விழும் என்கிறார். “உங்களுக்கு ரிட்டையர்மென்ட்டுக்கு இன்னும் ஒன்பது மாசம் இருக்கு. ரெக்கார்டைத் தப்பா எழுதினேன்னு நீங்களே ஒத்துக்கினா பென்ஷன் இன்னா ஆவும்?” என்று ஹெட் கிளார்க் வேறு பக்கத்திலிருந்து தமிழில் எடுத்துக்கொடுத்தார்.

பயமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

3. எல்லைக்கல் பக்கத்தில் டீ

அந்த வாரமே எல்லையில் ஒரு ஜாயின்ட் சர்வே. இரண்டு மாநில ஆட்களும் சேர்ந்து எல்லைக்கல்லைச் சரிபார்க்கிற வேலை. தமிழ்நாட்டு சர்வேயர் தயாளன் என்பவர் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். பேச்சோடு பேச்சாக எங்கள் கம்பெனியைப் பற்றிச் சொன்னேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அட, அவங்களா மேடம்? ஆந்திராவுக்குப் போயிடுவோம், போயிடுவோம்னு சொல்லி எங்க ஆபீசை மூணு மாசமா ஆட்டி வெச்சிக்கினு இருக்காங்க!”

“கையில மேப் ஒண்ணு இருக்குமே?”

“ரெண்டு வட்டம் போட்டது. அதேதான். எங்க பக்கம் அவங்க சொல்ற எடத்துல மழை பேஞ்சா முழங்கால் தண்ணி நிக்கும். ஒரு அப்ளிகேஷன்கூட இன்னும் போடல.”

நானும் சிரித்தேன். ஜீப்பில் திரும்பும்போது சிரிப்பு போய்க் கோபம் வந்துவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் எங்களைக் காட்டி மிரட்டுகிறார்கள், இந்தப் பக்கம் அவர்களைக் காட்டி. இரண்டு பக்கத்து ஆபீஸ்காரர்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை என்பதுதான் அவர்களுக்கு இருந்த ஒரே பலம்.

4. சர்வே நம்பர் என்ன?

கலெக்டர் மீட்டிங்கில் எனக்குக் கடைசி வரிசை. கலெக்டர் வடநாட்டுப் பிள்ளை, தெலுங்கை டிரெய்னிங்கில் கற்றவர். நொச்சிப்பேடு பைல் வந்ததும் தாசில்தார் என்னைத் திரும்பிப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். நான் எழுந்துவிட்டேன்.

“சார், இந்த மினிட்ஸ் தப்பு. தப்பு பண்ணது நான்.”

என்ன தப்பு என்று கேட்டார். அவசரம் என்கிற சொல்லை விளக்கினேன். தெலுங்கில் தேவை, தமிழில் அர்ஜென்ட். அந்த அம்மாள் அர்ஜென்ட் இல்லை என்றார், நான் தேவை இல்லை என்று எழுதினேன். அறுபது ஏக்கர் நஞ்சை அந்தக் கால்வாயை நம்பியிருக்கிறது. ஹாலில் சிரிப்பு. கலெக்டர் சிரிக்கவில்லை. மினிட்ஸ் நகலை வாங்கி அந்த வரியை விரல் வைத்துப் படித்தார்.

மேனேஜர் பணிவாக எழுந்தார். “சார், மறுபடியும் கிராம சபைன்னா டிலே ஆயிடும். அந்தப் பக்கம் சைட் ரெடியா இருக்கு. அப்புறம் எங்க போர்டு...”

தயாளன் பெயரை நான் வாயில் எடுக்கவில்லை. அவர் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது. முப்பத்து நாலு வருஷம் ரெவின்யூவில் குப்பை கொட்டியவள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான் இருந்தது.

“ரொம்ப சந்தோஷங்க. அந்த சைட்டுக்கு சர்வே நம்பர் இன்னாங்க?”

அவர் லேப்டாப்பைத் திறந்தார். தேடினார். போனை எடுத்தார். “அது... பைலைப் பாத்துத்தான் சொல்லணும்” என்றார். மூன்று மாதமாக எங்களையெல்லாம் நடுங்க வைத்த நிலத்துக்கு ஒரு நம்பர்கூட இல்லை. கலெக்டர் பேனாவை எடுத்து, இரண்டு பாஷையிலும் மறுபடி சபை கூட்டச் சொல்லி எழுதினார்.

எவ்வளவோ பெரிய மனிதர்களோடு எத்தனையோ மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்குப்போல் தலை நிமிர்ந்து வெளியே வந்ததில்லை. வராந்தாவில் தாசில்தார் என் பக்கத்தில் வந்து, “பலே அடிகாரம்மா” என்றார். நன்றாகக் கேட்டீர்கள் என்று பாராட்டு.

இரண்டாவது சபையில் கோவிந்தம்மா மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். “வேணும். காவாலி. நாங்க சோறு துன்றது அந்தத் தண்ணியிலதான். எந்த பாஷையில ஓணும்னாலும் எழுதிக்க மேடம்!” எழுதினேன். இந்தத் தடவை இரண்டு எழுத்திலும் எழுதி, உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினேன்.

கம்பெனி எங்கும் போகவில்லை. லேஅவுட்டில் ஷெட்டை அறுபது அடி நகர்த்தினார்கள். கால்வாய் காம்பவுண்டு சுவருக்கு வெளியே அப்படியே இருக்கிறது. இன்று நொச்சிப்பேட்டுப் பெண்கள் பலர் அதே கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறார்கள். அறுபது அடி. அவ்வளவுக்குத்தான் அத்தனை மிரட்டல்.

எனக்கு ஒரு சார்ஜ் மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன், எச்சரிக்கையோடு விட்டார்கள். அந்த மெமோவின் நகலை சர்வீஸ் சர்டிபிகேட்டுகளோடு சேர்த்து இன்னும் வைத்திருக்கிறேன்.

5. கடைசி நாள்

நான் என்னவோ எல்லாவற்றையும் தடுத்து நிறுத்திவிட்டதாக நினைக்காதீர்கள். ரோடு, கரண்ட், வரிச் சலுகை எல்லாம் மேலேயே முடிவாகி, கேட்டபடியே கொடுக்கப்பட்டன. அதெல்லாம் என் கைக்கு எட்டாத இடம். என் கைக்கு எட்டினது ஒரு கால்வாய்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். போய்விடுவேன் என்று ஒருவர் சொன்னால், எங்கே என்று கேளுங்கள். கேட்பதற்குப் பெரிய பதவி வேண்டாம். இங்கேயே இருக்கப்போகிறவர் வாயைத் திறந்தால், அவர் சொன்ன சொல்லை அவர் பாஷையிலேயே எழுதுங்கள்.

என் பிரிவுபசாரத்துக்குக் கோவிந்தம்மா ஒரு பை வேர்க்கடலையோடு வந்திருந்தார். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். தாசில்தார், ஸ்டாப் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“மேடம் வூட்டுக்குப் போறாங்கன்றாங்க. போவக் கூடாது. அவங்க எங்களுக்கு அவசரம்” என்றார்.

கூட்டம் சிரித்தது. அந்த அம்மாளுக்குச் சொல் குழறிவிட்டதாக நினைத்துவிட்டார்கள்.

“இன்னா சிரிக்கிறீங்க?” என்று அதட்டினார் கோவிந்தம்மா. “தெலுங்குலதான் சொல்றேன்.”