வலி மாத்திரையும் ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலும்

முதலில் வலித்தது படியேறும்போது. சின்னமனூரில் என் மருந்துக்கடைக்கு மூன்றே படிகள். வலது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, முன்பக்க எலும்பில், ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் சுருக்கென்றது. விரலால் அழுத்தினால் உயிர் போனது. விரலை எடுத்தால் ஒன்றுமில்லை. இதைப் படிக்கும் நீங்களும் இப்போது அப்படி அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நான் ஒரு மாதம் அழுத்திப் பார்த்தேன். வேறெதுவும் செய்யவில்லை.

எனக்கு நாற்பத்தொரு வயது. நாள் முழுக்க ஊராரின் சளிக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள். விடிகாலையில் வாய்க்கால் கரையில் ஓடும் ஒரு மணி நேரம் மட்டும்தான் எனக்கென்று இருந்தது.

எங்கள் ஓட்டக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. யார் எத்தனை கிலோமீட்டர் ஓடினார்கள் என்று ஞாயிறுதோறும் வாட்ஸப்பில் பட்டியல் வரும். குழுவை நடத்தும் ஜெயசீலன் அண்ணன் போடுவார். ஓட்டம் மட்டும்தான் சேர்த்தி. சைக்கிளோ நீச்சலோ செய்த நாளுக்கு நேராகச் சைபர். பெண்களில் நான்தான் முதலிடம். அதை விட மனசு வரவில்லை.

வலி கூடியதும் தேனிக்குப் போய் எலும்பு மருத்துவரைப் பார்த்தேன். எக்ஸ்ரே எடுத்தார்.

"படத்துல ஒண்ணும் தெரியல. ஆனா ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்க. ஆறு வாரம் ஓடக்கூடாது. சைக்கிள் மிதிங்க, நீந்துங்க. தெம்பு குறையாது," என்றார். (ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்: திரும்பத் திரும்ப ஏற்படும் அதிர்வால் எலும்பில் உண்டாகும் மயிரிழை விரிசல். எம்.ஆர்.ஐ.: காந்தப்புலத்தால் உடலின் உள்ளே படம் எடுக்கும் சோதனை.)

வீட்டில் என் கணவர் கேட்டார். "டாக்டர் என்ன சொன்னாக?"

"எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைன்னுட்டாக."

பொய் இல்லை. பாதி. சீட்டைப் பாதி மட்டும் படித்துவிட்டு மருந்து எடுத்தால் என் கடையை என்றைக்கோ இழுத்து மூடியிருப்பார்கள்.

ஜெயசீலன் அண்ணனிடமும் கேட்டுப் பார்த்தேன். "ஆறு வாரம் சைக்கிள் மிதிக்கணும்ணே. அதையும் பட்டியல்ல சேர்ப்பீகளா?"

"சைக்கிளுக்கு வேற குரூப்பு இருக்குல்ல தாயி," என்றார் சிரித்துக்கொண்டே.

எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகவில்லை. நான்கு நாள் மிதித்தேன். பட்டியலில் நான்கு சைபர். ஐந்தாம் நாள் கடை அலமாரியிலிருந்து ஒரு வலி மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டு ஓடினேன். சுத்தமாக வலி தெரியவில்லை. "வெறும் வயித்துல போடாதீக, ரெண்டு நாளைக்கு மேல போடாதீக" என்று ஊருக்கெல்லாம் சொல்கிற வாய் இது. மூன்று வாரம் போட்டேன், வெறும் வயிற்றில்.

மார்க்கையன்கோட்டை போய்த் திரும்பும் பத்து கிலோமீட்டர் பந்தயத்தன்று இரண்டு மாத்திரை. எட்டாவது கிலோமீட்டரில், ஒரு வாழைத்தோப்பை ஒட்டி, காய்ந்த குச்சி முறிகிற சத்தம் கேட்டது. முறிந்தது என் கால் என்று கீழே விழுந்த பிறகுதான் தெரிந்தது.

நெய்லிங் (எலும்பின் உள்ளே நீள உலோகக் கம்பியைச் செலுத்தி முறிவை அசையாமல் நிறுத்தும் அறுவை) செய்தார்கள். மருத்துவர் திட்டவில்லை. "அன்னைக்கே ஓடாம இருந்திருந்தா எலும்பு தானா கூடியிருக்கும்," என்றார், அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

"மிச்சத்த ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கணவர் கேட்டார். சொன்னால் ஓட விடமாட்டார் என்பதுதான் பதில். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. எல்லார் மேலும் எரிச்சலாக வந்தது, என் மேல்தான் அதிகம்.

குழுவிலிருந்து இரண்டு பேர் ஆரஞ்சு வாங்கி வந்தார்கள். அடுத்த ஞாயிறு பட்டியலில் என் பெயரே இல்லை. சைபர்கூட இல்லை.

பதினொரு மாதம் ஆகிறது. போன வாரம் ஜெயசீலன் அண்ணன் கடைக்கு வந்தார்.

"வலி மாத்திரை ஒரு அட்டை குடு தாயி. ஞாயித்துக்கிழமை கம்பத்துல ஓட்டம் இருக்கு."

"எங்கனண்ணே வலி?"

குனிந்து விரல் வைத்துக் காட்டினார். அதே இடம்.

"தரமாட்டேன். நாளைக்கே தேனிக்குப் போய் டாக்டரப் பாருங்க."

"நீயும் போட்டுத்தான ஓடுன?"

"ஆமா. அதான் தரமாட்டேங்கிறேன்."

அவர் தெருவைக் கடந்து எதிர்க்கடையில் வாங்கிக்கொண்டு போனார். லேசாகக் காலை இழுத்து இழுத்து நடந்தார்.

ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை என்று எனக்கு இப்போதுதான் அனுமதி கிடைத்திருக்கிறது. முன்பெல்லாம் ஓடும் நேரம் என்பது குறைக்க வேண்டிய ஒன்று. இப்போது ஒரே ஒரு நிமிடத்துக்காக முந்தின நாளே ஷூவைத் துடைத்து வைக்கிறேன். மற்ற நாட்களில் சைக்கிள் மிதிக்கிறேன். யாரும் எண்ணுவதில்லை. ஓடப் போகுமுன் மாத்திரை இல்லை. எலும்பில் விரல் வைத்து அழுத்திப் பார்க்கிறேன், வலித்தால் ஓடுவதில்லை.

நேற்று வலித்தது. வாய்க்கால் கரையில் மற்றவர்கள் ஓடி மறையும்வரை நின்றிருந்துவிட்டு, வீட்டுக்கு நடந்தேன்.