ஆனை வந்த காணி

காணி புரோக்கர் வேலையில் காணிக்கு ஆள் பிடிப்பது லேசு. காணிக்காரரின் மனதிலிருந்து காணியைப் பிரித்தெடுப்பதுதான் பெரும்பாடு. வாங்கியவர்கள், விற்றவர்கள், இரண்டும் செய்யப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் எல்லாருக்கும் நான் சொல்வது விளங்கும். கல்முனையில் இருந்துகொண்டு எத்தனையோ வயல்களைக் கைமாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் வரிப்பத்தான்சேனை அலியார் காக்காவின் (மூத்தவரை நாங்கள் காக்கா என்போம்) இரண்டு ஏக்கர் தந்த தலையிடியை வேறெதுவும் தந்ததில்லை.

நேர்மையான மனிதர்

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். அலியார் காக்காவின் மூத்த மகள்மார் இருவரின் வீடுகளும் அவருடைய வயலைத்தான் தின்றன. மிஞ்சியது இந்த இரண்டு ஏக்கர். கடைசி மகள் றினோசாவின் வீடு சுவர் எழும்பிக் கூரையில்லாமல் நின்றது. காணி விற்றால்தான் கூரை, கூரை போட்டால்தான் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காக்காவே என் வீடு தேடி வந்து, "ஆள் பாரு மனே" என்றார்.

முதலில் ஒரு புடவைக்கடை முதலாளியைக் கூட்டிப்போனேன். வரம்பில் கால் வைத்ததுமே காக்கா தொடங்கிவிட்டார். "தெக்கு மூலையில மாரிக்குத் தண்ணி நிக்கும். வாய்க்கால்ட கடைசிக் காணி இது, கோடையில தண்ணி வந்து சேராது. ஆனையும் வந்திரிக்கி." நான் இருமினேன், கண்ணைக் காட்டினேன், கடைசியில் அவர் காலை மிதித்தும் பார்த்தேன். "குறைய மறைச்சு வித்தா ஹறாம் மனே" என்று எனக்கே உபதேசம் நடந்தது. திரும்பி வந்து கடை வாசலில் இறங்கியதும் முதலாளி சொன்னார்: "இவ்வளவு நேர்மையான மனுசன நான் கண்டதில்ல தம்பி. அவர்ட காணி நமக்கு வேணாம்."

கையடித்த வாக்கு

அடுத்தவர் கட்டாரில் இருந்து வந்த இளந்தாரி. காக்காவின் குறைப் பட்டியலை முழுதாகக் கேட்டுவிட்டு, "ஆனை வந்தா ஆனைவெடி போடுவம்" என்று சிரித்தார். காக்கா அவர் கையில் கையடித்து வாக்குக் கொடுத்தார். முற்பணம் மட்டும் வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு அப்போதே சங்கதி மூக்கில் மணந்திருக்க வேண்டும்.

காணி உறுதிப் பத்திரம் முடிக்கிற நாளன்று, அதை எழுதுகிற நொத்தாரிசு வந்தாச்சு, சாட்சிகள் வந்தாச்சு, காக்காவைக் காணோம். போனும் வேலை செய்யவில்லை. இளந்தாரியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஓடினேன். மனிதர் வயலுக்குள் முழங்கால் சேற்றில் நிற்கிறார். "கதிர்ல பால் ஏறுற நேரம் மனே. இப்ப விட்டுட்டு எப்படி வாற?" என்றார். சரி, வெட்டட்டும் என்று பொறுத்தோம். வெட்டி முடித்த கையோடு அடுத்த போகத்துக்கும் விதைத்துவிட்டார்! வாக்கு மீறியவரிடம் சண்டைக்குப் போகாமல் அந்த இளந்தாரி என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நான் வேற காணி பாக்கிறன். இவரு புள்ளயக் கட்டிக் குடுக்க மனமில்லாத வாப்பா மாதிரி நிக்காரு."

றினோசாவின் வீடு

கட்டிக் கொடுக்க வேண்டிய பிள்ளையோ கூரையில்லாத வீட்டுக்குள் நின்று கூட்டிக்கொண்டிருந்தாள். காக்காவிடம் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பதற்காகப் போயிருந்தேன், அவர் வயலில். வெயிலும் மழையும் நேரே விழுகிற அந்தச் சீமெந்துத் தரை கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. தினமும் கூட்டுவாள் போலும். குசினியில் அடுப்புக்கு இடம், ஜன்னலோரம் தையல் மெசினுக்கு இடம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"வாப்பா ஆனைக் கதையும் சொன்னாரா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அந்த ஆனை வந்தது நான் பொறக்க முந்தி, சாச்சா. அது இன்னும் போகல்லியா?"

எல்லைக்காரர்

வயல் விற்பதென்றால் முதலில் எல்லைக்காரரிடம் கேட்பது எங்கள் வழக்கம். வரம்பும் வாய்க்காலும் அவரோடுதானே பங்கு. காக்காவின் வரம்பைத் தொட்டுக் கிடந்த வயல் காரைதீவுச் சிவஞானம் வாத்தியாருடையது, ஊருக்கெல்லாம் அவர் 'சேர்'. அவரிடம் கேட்டாச்சா என்று தொடக்கத்திலேயே விசாரித்தேன். "அவரு பென்சன் எடுத்த மனுசன், அவருக்கெதுக்கு மனே இன்னொரு காணி?" என்றார் காக்கா. நானும் அதைப் பதிலென்று எடுத்துக்கொண்டேன். றினோசாவின் வீட்டிலிருந்து திரும்பும்போதுதான் மண்டையில் உறைத்தது. அந்தக் காணியின் குறைகளைச் சொல்லிப் பயங்காட்ட முடியாத ஒரே ஆள் சேர்தான். காரைதீவுக்கே வண்டியைத் திருப்பினேன்.

மறுநாள் சேர் வரம்பில் வந்து நின்றார். காக்கா தெற்கு மூலையில் தொடங்கினார். சேர் கையைக் காட்டி நிறுத்தினார். "குறையெல்லாம் நானும் பாத்ததுதானே காக்கா. நல்லதச் சொல்லுங்க."

காக்கா பேசத் தொடங்கினார், நிறுத்தவே இல்லை. எந்த மூலை மண் எந்த நெல்லுக்கு ஒத்துவரும், எந்த இடத்தில் வரம்பை வெட்டினால் தண்ணீர் தானாக வடியும், விடியக்காலையில் கதிர் மணம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று வயல் முழுக்க நடந்து நடந்து சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது, என்னுடையதும்தான். காணி விற்றே பிழைக்கிற எனக்கே அந்த வயலை வாங்க வேண்டும்போல் ஆசையாக இருந்தது. சேர் ஒரேயொரு நிபந்தனைதான் போட்டார்: "காணி எனக்கு, விதைப்பு உங்களுக்கு. ஓமெண்டா ஓமெண்டு இப்பவே சொல்லுங்க காக்கா, நான் வேற ஆளுக்கு வயல் குடுக்க மாட்டன்."

வாங்குகிறவர்

இந்த முறை நொத்தாரிசு வந்து கதவைத் திறப்பதற்கு முன்பே காக்கா வாசலில் நின்றார். வெளியில் வந்ததும் கையெழுத்துப் போட்ட கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டே இருந்தார். றினோசாவின் வீட்டுக்குக் கூரை ஏறியது. கல்யாணச் சாப்பாட்டில் எனக்கு மட்டும் இரண்டு துண்டு இறைச்சி கூடுதலாக விழுந்தது.

போன போகத்தில் வேறொரு காணி காட்ட ஓர் ஆளுடன் அந்தப் பக்கம் போனேன். காக்கா சேரின் வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கரைக்கு ஏறி வந்து, "இப்படி ஒரு காணி இந்த வயல்வட்டையிலேயே இல்ல" என்று என்னோடு வந்தவரிடம் அளக்கத் தொடங்கினார். தண்ணி நிக்குமாமே என்று சீண்டினேன். "ஆரு சொன்ன?" என்று சண்டைக்கு வந்தார். பிறகு என்னை மட்டும் ஒரு பக்கமாகக் கூட்டிப்போய், சேற்றுக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மனே, சேர் எப்பயாவது இத விக்கிற எண்டு கதைச்சா, வேற ஆருக்கும் சொல்லிராத. முதல்ல எனக்குச் சொல்லோணும். வாங்கிறது நான்தான், இது வாக்கு."

இத்தனை வருடப் புரோக்கர் தொழிலில், சொன்ன வாக்கை மீறமாட்டார் என்று நான் அடித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள், வாங்க வழியே இல்லாத இந்த மனிதர்தான்.