முன்னறைப் போடர்

போன கிழமை கண்டி மார்க்கெட்டில் பனங்கட்டி வாசம் மூக்கில் ஏறியதும் எங்கள் போடர் ஞாபகம் வந்துவிட்டது. ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் அம்மாவுக்கு ஓலைக் குட்டான் ஒன்றில் பனங்கட்டி கொண்டுவருவார். பாதியை நான் திருடித் தின்றுவிடுவேன், அது வேறு கதை.

போடர் என்றால் தெரியும்தானே? அறையும் சாப்பாடும் வாடகைக்கு எடுத்து, வேலை மாற்றம் வரும்வரை தங்குகிறவர். கண்டி கட்டுக்கலையில் எங்கள் வீட்டு முன்னறைக்கு யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் பலர் வந்து போனார்கள். பெயர் பழகுவதற்குள் போய்விடுவார்கள். அதனால் அம்மாவுக்கு எல்லாருமே போடர்தான். இவரும் வந்த அன்று, "ரெண்டு மாசம்தான் அம்மா, மாற்றம் வந்திடும்" என்றார். பத்து வருஷம் இருந்தார். "போடர் தம்பி, தோச ஆறுது!" என்று அம்மா கூப்பிட, பால்காரரும் டோபியும் மூலைக்கடை முஸ்லிம் நானாவும் அதையே பிடித்துக்கொண்டார்கள். தாய் தகப்பன் வைத்த பரமலிங்கம் என்ற பெயர், அவர் வேலை செய்த அரசாங்கக் கச்சேரி மேசையோடு நின்றுவிட்டது.

அவருக்கு ஊரில் கல்யாணம் பேசினார்கள். கோயிலில் ஒரு தரம் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தவர், குளிக்கும்போதெல்லாம் பாடத் தொடங்கிவிட்டார். யாழ்ப்பாணத்தில் ஒரு வழக்கம், மாப்பிள்ளை வேலை செய்யும் ஊருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஆள் அனுப்பி விசாரிப்பார்கள். அப்படித்தான் பெண்ணின் மாமன் லோங்ஸ் காற்சட்டையும் குடையுமாக வந்து இறங்கினார். எங்கள் தெருவுக்கும் ஒரு வழக்கம் உண்டு. பாதிப் பேர் இந்தியாவிலிருந்து வந்து, பிரஜாவுரிமை இல்லாமல், தற்காலிக அனுமதியில் இருந்தவர்கள். பிடித்து நாடுகடத்த வந்த அதிகாரியாக இருக்கும் என்று, லோங்ஸ் போட்ட அந்நியர் யாரைக் கேட்டாலும் தெரியாது என்றுவிடுவோம்.

"பரமலிங்கம் எண்டு ஒரு பெடியன். உயரமான ஆள், கச்சேரியில வேலை."

பெயரைக் கேட்டு முழித்த அம்மா, அடையாளம் சொன்னதும் சுதாரித்துக்கொண்டாள். போடர் தற்காலிகமாகத் தங்கியிருப்பவர். தற்காலிகக்காரர்களைத்தானே பிடிக்கிறார்கள்! அரசாங்க உத்தியோகத்தரை யாரும் பிடிக்கமாட்டார்கள் என்று அவளுக்கு யார் சொல்வது?

"அப்படி யாரும் இங்க இல்லீங்க."

மாமன் மூலைக்கடைக்குப் போனார். அக்குறணைக்காரரான அந்தக் கடை நானா ஒரு படி மேலே போய்விட்டார்.

"அவரா? பொண்டாட்டி புள்ளைகளோட போன மாசமே கப்பலேறிட்டாரே!"

சம்பந்தம் முறிந்தது. போடர் தலையில் கைவைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ அம்மா, அவர் பொம்பிளையின்ர மாமனெல்லோ! கட்டினா அந்தப் பிள்ளையைத்தான் எண்டு இருந்தனான்."

பாட்டு நின்றுபோனது. அதை அம்மாவால் தாங்க முடியவில்லை. அப்பாவையும் நானாவையும் என்னையும் இழுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு ரயிலேறினாள். மாமன் வாசல் படலையிலேயே மறித்தார்.

"அண்டைக்கு இல்லையெண்டு சொன்னனீங்கள். இண்டைக்குத் தங்கமான பெடியன் எண்டுறியள். நான் எதை நம்பிறது?"

நானா வாயைத் திறக்கப் போனார். அப்பா அவர் கையைப் பிடித்து அமுக்கினார். அம்மாதான் பேசினாள்.

"அன்னைக்குப் பொய் சொன்னதும் அந்தப் புள்ளைக்காகத்தாங்க. ஒரு தெருவே சேந்து பொய் சொல்லுதுன்னா, புள்ள எப்படிப்பட்டதுன்னு நீங்களே பாத்துக்குங்க."

உள்ளே கதவுக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதுதான் பெண். கல்யாணம் நடந்தது. கண்டிக்கு வந்த மறுநாளே அவரும் போடர் அக்கா ஆகிவிட்டார்.

ஒருவழியாக மாற்றம் வந்து அவர்கள் போனார்கள். இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தம் என்று சொல்லித் தெருவில் பாதிப் பேரை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். கலவரங்களுக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மாரும் வரவில்லை. நானாவின் கடையில் இப்போது போன் விற்கிறார்கள்.

போன மாதம் பார்சல் கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டில் என் பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறார். தெரியாது என்று அனுப்பிவிட்டார்கள். கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, நம்ம தெரு இன்னும் மாறவில்லை என்று. பிறகுதான் விளங்கியது, அவர்களுக்கு உண்மையிலேயே என்னைத் தெரியாது.