காளை விற்று வாங்கிய மோட்டார் சைக்கிள்

எங்கள் வீதியில் "எண்பது மைல் வேகம்" என்ற சொல்லை முதன்முதலில் உச்சரித்தவர் என் மாமா. அவரிடம் அப்போது இருந்த வண்டி அறுபதைத் தாண்டாது என்பது வேறு விஷயம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. காங்கேயத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து, சிங்காநல்லூரில் அப்பா வைத்திருந்த லேத் பட்டறையில் சேர்ந்திருந்தார். வரும்போது சும்மா வரவில்லை. தன் பங்காகக் கிடைத்த ஒரு ஜோடிக் காளைகளைச் சந்தையில் விற்று, யுத்தத்தில் ராணுவம் ஓட்டிக் கழித்த ஒரு சீமை மோட்டார் சைக்கிளை வாங்கி, அதன் மேல் உட்கார்ந்து வந்தார்.

அந்தக் காளைகளைக் கன்றிலிருந்து வளர்த்தவர் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா. அன்று முதல் அவர் மகனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எங்களைப் பார்க்கப் பஸ் ஏறி வருவார். வாசலில் வண்டி நின்றால் அதற்கு முதுகைக் காட்டியபடி உள்ளே நுழைவார். மகன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் அம்மாவிடம்தான், "டப்பா வாங்குனவன் சோறு தின்னுபோட்டானா, அம்மணி?" என்று கேட்பார். மாமாவும் அம்மாவைப் பார்த்தே, "ஆச்சுன்னு சொல்லுக்கா" என்பார். அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் நின்று ரசம் ஊற்றிக்கொண்டிருப்பாள். எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் பந்தயச் செய்தி வந்தது. பல்லடம் சாலையை விட்டு உள்ளே தள்ளி, யுத்த காலத்தில் விமானம் இறங்குவதற்கென்று போட்டு, பிறகு யாரும் சீண்டாமல் விட்ட ஒரு சிமெண்டுத் தடம் இருந்தது. ஊரிலுள்ள மோட்டார் பிரியர்கள் சேர்ந்து அதில் மோட்டார் சைக்கிள் பந்தயம் வைப்பதாக ஏற்பாடு. வளைவு நெளிவு கிடையாது. ஒரு கோடியில் புறப்பட்டு மறுகோடிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். மாமா உடனே பேரைக் கொடுத்துவிட்டு வந்தார். அதோடு நிற்காமல், காங்கேயம் பஸ்ஸின் கண்டக்டரிடம் சொல்லி அப்புச்சிக்கும் சேதி அனுப்பிவிட்டார்: காளை தோற்கும் வேகத்தை வந்து பாருங்கள் என்று.

அப்புச்சி அதே கண்டக்டரிடம் பதில் சொல்லி அனுப்பினார்: "வாரேன்னு சொல்லுங்க. வண்டியத் தள்ளிக்கிட்டுப் போறதுக்கு ஆளு வேணுமல்லொ."

அதன் பிறகு எங்கள் வீட்டில் நிம்மதியாகத் தூங்கியவள் நான் ஒருத்திதான். வண்டி கிளம்பும்போது சிங்கம் மாதிரி கிளம்பும். இரண்டாம் கியர், மூன்றாம் கியர் வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. மேல் கியரில் போட்டு முழுதாக முறுக்கினால்தான் ஏதோ யோசனைக்கு ஆட்பட்டதுபோல அப்படியே நின்றுவிடும். நிற்பது என்றால் நிற்பதல்ல. ஓடும், ஆனால் அதற்கு மேல் ஏறாது.

அப்பா முதலில் கார்புரேட்டரைக் கழற்றினார். பெட்ரோல் போதவில்லை என்று உள்ளே இருந்த சின்னத் துளைக்குழாயை மாற்றினார். வண்டி முன்னைவிட அதிகமாகக் குடித்தது, ஓட்டத்தில் மாற்றமில்லை. பிறகு பின்சக்கரத்துப் பல்சக்கரம்தான் பெரிது என்று முடிவு செய்து, பல் குறைவாக வேறொன்றைத் தானே கடைந்து மாட்டினார். இப்போது கிளம்பும்போது இருந்த சிங்கமும் போய்விட்டது. மேலே ஏற வேண்டிய வேகமும் வரவில்லை.

"வண்டிக்கு வயசாயிருச்சு, மாப்பிள்ளை" என்றார் அப்பா, கையைத் துணியில் துடைத்தபடி.

"அப்படிச் சொல்லாதீங்க மச்சான். எங்கப்பா காதுல விழுந்தா நான் தூக்கு மாட்டிக்கோணும்" என்றார் மாமா.

அந்த வாரம் பல்லடத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் சீர். அம்மா பஸ்ஸுக்குக் காத்து நின்று அலுத்து, "வாடா, உன்ற வண்டியிலயே போலாம்" என்று தம்பியின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். எங்கள் வீதியில் ஒரு பெண் மோட்டார் சைக்கிளில் ஏறியதை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நேராகப் பார்த்தாள். நான் வாசலில் நின்று எல்லோரையும் பார்த்தேன். அப்படி ஒரு பெருமை.

சாயங்காலம் திரும்பி வந்ததும், தலையில் இருந்த புழுதியைக்கூடத் தட்டாமல் அம்மா நேராக அப்பாவிடம் போனாள்.

"ஏனுங்க, அந்த வண்டிக்குச் சத்தம் ஒரு பக்கம் ஓடுது, சக்கரம் ஒரு பக்கம் ஓடுது."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "புரியலயே."

"பின்னால உக்காந்தா தெரியுதுங்க. இவன் முறுக்குனா முதல்ல என்னைப் பின்னால தள்ளுது, விழுந்துருவனோன்னு இவன் சட்டையப் புடிச்சுக்கறேன். கடைசில முறுக்கறப்போ சத்தம் மட்டும் கீச்சுன்னு ஏறுதே ஒழிய, என்னைத் தள்ளவே மாட்டேங்குது. என்ற தையல் மிஷின்ல பெல்ட்டு தளந்தா இதே கதைதானுங்க. கால் பாட்டுக்கு மிதிக்கும், ஊசி பாட்டுக்குச் சோம்பேறியா நிக்கும். எங்கியோ வழுக்குதுங்க."

மாமா சிரித்தார். "அக்கா, இது மோட்டாரு. இதுல பெல்ட்டே கெடையாது."

அப்பா சிரிக்கவில்லை. கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, வண்டியின் இடது கைப்பிடியை அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிறகு, "பெல்ட்டு இல்லைதான். கிளட்ச் இருக்குதல்லொ மாப்பிள்ளை" என்றார்.

எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது கிளட்ச். அதில் வட்டத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஸ்பிரிங்குகள் அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும். இடது கைப்பிடியை அழுத்தினால் பிடி விடும், விட்டால் பிடிக்கும். இதெல்லாம் அன்று பட்டறையில் தரையில் உட்கார்ந்து நான் கண்ணால் பார்த்தது. மூடியைக் கழற்றியதுமே கருகிய வாடை வந்தது. தகடுகளில் பதித்திருந்த தக்கைகள் எண்ணெயில் ஊறி, ஓரங்களில் தீய்ந்து பளபளவென்று இருந்தன. மெதுவாகப் போகும்போது அந்தப் பிடி போதும். எஞ்சின் முழு பலத்தோடு தள்ளும்போது தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிவிடும்.

"எண்ணெய்ப் பிசுக்குன்னா அரப்புப் போட்டுத் தேச்சுறலாம்" என்றாள் அம்மா, தலைக்குத் தேய்க்கும் அரப்புத்தூளை மனதில் வைத்து. அப்பா அதை மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை. பெட்ரோலில் கழுவினார். தேய்ந்த தக்கைகளை மாற்றினார். ஸ்பிரிங்குகளுக்கு அடியில் வைக்க லேத்தில் வாஷர்கள் கடைந்து, ஸ்பிரிங்குகளை இன்னும் இறுக்கினார்.

இறுக்கியது கொஞ்சம் அதிகமாகிவிட்டது. மறுநாள் காலை மாமா இரண்டு கையாலும் கைப்பிடியை அழுத்திப் பார்த்தும் கிளட்ச் முழுதாக விடவில்லை. கியர் போட்டதும் வண்டி அவரைக் கேட்காமலேயே பாய்ந்து, பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டில் முட்டி நின்றது. கோழிகள் பிழைத்துக்கொண்டன. மாமாவின் முழங்கால் பிழைக்கவில்லை. அப்பா வாஷர்களை இன்னும் மெலிதாகக் கடைந்தார். ஓட்டிப் பார்ப்பதும், கழற்றுவதும், மறுபடி மாட்டுவதுமாக நாட்கள் போயின. ஒரு ஸ்பிரிங் இறுகி ஒன்று தளர்ந்தால் தகடு சாய்ந்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே அளவில் முடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அம்மா பின்னால் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வந்து தீர்ப்புச் சொல்வாள்.

"இன்னும் தள்ளலைங்க."

"இன்னிக்கு நேத்தைக்குத் தேவல."

கடைசியில் ஒரு நாள் இறங்கி வந்தாள். காற்றில் கொண்டை முழுதும் அவிழ்ந்து தோளில் கிடந்தது. சிரித்துக்கொண்டே நின்றாள்.

வழுக்கல் போய்விட்டது. ஆனால் கைப்பிடி அப்போதும் கெட்டியாகத்தான் இருந்தது. அதற்கு மேல் தளர்த்தினால் மறுபடியும் வழுக்கும் என்றார் அப்பா. அதனால் அம்மா தம்பியின் கையைப் பலப்படுத்தப் புறப்பட்டாள். பந்தயம் வரைக்கும் எங்கள் வீட்டு ஜமுக்காளம், போர்வை, பெட்ஷீட் எல்லாம் தினமும் நனைக்கப்பட்டன. மாமா கிணற்றடியில் நின்று அவற்றை இடது கையால் முறுக்கிப் பிழிந்தார். வீதிப் பெண்கள் தண்ணீர் எடுக்கிற சாக்கில் வந்து நின்று சிரித்தார்கள். "சிரிங்க, சிரிங்க. என்ற தம்பி செயிச்சுட்டு வரட்டும்" என்று அம்மா அவர்களுக்குப் பதில் கொடுத்தாள். பெல்ட் கதையை அவள் வீதி முழுவதும் சொல்லியிருந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். என் வகுப்பில் கிளட்ச் என்றால் என்னவென்று தெரியாத பிள்ளையே இல்லை.

பந்தயத்தன்று அப்புச்சி வெள்ளைத் தலைப்பாகையோடு வந்திருந்தார். கூட்டத்தில் எங்களோடு நின்றார், ஆனால் தடத்துக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்றார். கொடி இறங்கியது. மாமாவின் கை அந்தக் கெட்டிக் கைப்பிடியை விடுவதற்குக் கொஞ்சம் தயங்கிவிட்டது. மற்றவர்கள் பாய்ந்துபோக, அவர் கடைசியாகக் கிளம்பினார்.

"நாஞ் சொல்லல?" என்றார் அப்புச்சி.

 அம்மா கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் கியர் போய் மேல் கியர் விழுந்தது எனக்கும் கேட்டது. அந்த இடத்தில்தான் முன்பெல்லாம் வண்டி யோசிக்க ஆரம்பிக்கும். அன்று யோசிக்கவில்லை. சத்தம் ஏற ஏற வண்டியும் ஏறியது. முன்னால் போனவர்கள் நின்றுகொண்டிருப்பது போலவும் மாமா மட்டும் ஓடுவது போலவும் தோன்றியது. ஒருவரைத் தாண்டினார், இன்னொருவரைத் தாண்டினார். அப்புச்சி எப்போது நேராகத் திரும்பினார் என்று நான் கவனிக்கவில்லை. அவருடைய தலைப்பாகை கையில் இருந்தது. அதைச் சாட்டை மாதிரி சுழற்றிக்கொண்டு, "உடாதே! உடாதே! ஓட்றா கண்ணு!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

முடிவுக் கோட்டைத் தொடும்போது மாமாவுக்கு முன்னால் ஒரே ஒரு வண்டிதான் இருந்தது. தேயிலைத் தோட்டத்துரை ஒருவரின் மகன் ஓட்டிய புத்தம்புது வண்டி அது. அதனால் எங்களுக்கு அது தோல்வியாகவே தெரியவில்லை. நான் அப்பாவின் தோளில் இருந்தபடி ஊருக்கே கேட்கும்படி கத்தினேன்.

மாமா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அப்புச்சி அதன் பெட்ரோல் டாங்கியின் மேல், மாட்டின் திமிலைத் தடவுவதுபோலக் கையை ஓட்டினார். சுட்டது போலிருக்கிறது, வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். பிறகு இத்தனை நாட்களில் முதல்முறையாக மகனின் முகத்தைப் பார்த்து நேராகக் கேட்டார்.

"எப்படிடா செஞ்சே?"

"நான் ஓட்டுனேன். மச்சான் செஞ்சாங்க. கோளாறு எங்கன்னு கண்டது அக்காதானுங்கப்பா."

மாமா எல்லாவற்றையும் சொன்னார். பின்னால் உட்கார்ந்ததை, பெல்ட்டை, ஊசியை. அப்பாவும் தன் பங்குக்கு மாமனாரிடம், "எனக்குத் தோணவேயில்லைங்க மாமா" என்றார். அம்மா நன்றாக நிமிர்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புச்சி அவள் பக்கம் திரும்பினார். பிறகு மிகவும் தணிந்த குரலில் சொன்னார்.

"உன்னைய அஞ்சாவதோட நிறுத்திப்போட்டேனே, அம்மணி."

அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அதுக்கென்னங்கப்பா இப்போ? வெயில் ஏறுது, மோர் குடிங்க" என்று கூஜாவைத் திறக்கக் குனிந்தாள். மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள், திறக்கவில்லை. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். தடத்தின் புழுதி விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

எனக்கு மறுநாள் கணக்குப் பரீட்சை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது என்றால் எப்பேர்ப்பட்ட அதிர்ஷ்டம்! அதை ஒருவர் வருத்தமாகச் சொல்வதும் இன்னொருவர் அதற்குக் கண்ணைத் துடைப்பதும் எனக்கு விளங்கவில்லை. அப்புச்சி நல்ல மனநிலையில் இருக்கும்போதே என்னையும் நிறுத்திவிடச் சொல்லிக் கேட்டுவிட வேண்டும் என்று, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.