வெறுங்காதோடு பத்து நாள்

எம்.ரெட்டியபட்டியில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்கிற முத்துமாரியம்மாளைத் தெரியாமல் காடும் மாடும் வைத்திருக்கிற சம்சாரி கிடையாது. கடலைப்பெட்டியைத் தலைச்சுமையாகத் தூக்கிச் சந்தை சந்தையாக அலைந்து, தன் கையால் ஊன்றி எழுப்பிய கடை அது. ஒருத்தர் கைகொடுத்து அவள் மேலே ஏறியதில்லை. கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் ஒரு பிடி கொட்டையை அள்ளினால் எந்தக் காட்டில் விளைந்தது என்று சொல்லிவிடுவாள். படித்தவர்களில் எத்தனை பேர் அதைச் சொல்லிவிடுவார்கள்?

அப்பேர்ப்பட்டவள் 1969 சித்திரையில் ஒரு சின்னப்பிள்ளையின் சிரிப்புக்கு ஆடிப்போனாள்.

மகள் கோகிலாம்பாளைப் பெண் பார்க்க மதுரையிலிருந்து வந்திருந்தார்கள். வெற்றிலைத் தட்டை வைக்க முத்துமாரி குனிந்தபோது, தோளைத் தொடுகிற காதுகளில் பாரமான தங்கப் பாம்படம் இரண்டும் முன்னே வந்து ஆடின. மாப்பிள்ளையின் தங்கை வாயைப் பொத்திக்கொண்டது. அதன் தாய் அதட்டினாள். அதட்டும்போதே அவள் உதடும் துடித்ததை முத்துமாரி பார்த்துவிட்டாள். வைகாசியில் கல்யாணம். மணவறையில் மகளோடு நின்று போட்டோ பிடிக்கும்போது இந்தக் காது கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

வளர்த்த காதை வெட்டித் தைத்து, கம்மல் போடுகிற சின்னக் காதாக்கிவிடுகிற டாக்டர் ஒருவர் அருப்புக்கோட்டையில் இருந்தார். வீட்டுக்காரர் ஐயாத்துரையிடம், "காதுல புண்ணு, டாக்டரப் பாத்துட்டு வாரேன்" என்று மட்டும் சொன்னாள். முழுதும் சொன்னால் அவர் தன் அக்கா பெத்தம்மாளிடம் சொல்லுவார். பெத்தம்மாள் ஊருக்கே சொல்லுவாள். "கல்யாணம் மகளுக்கா, ஆத்தாளுக்கா?" என்று நாலு பேர் கேட்க அவள் இடம் கொடுக்கிறவள் இல்லை. ஐயாத்துரை அன்று லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு விருதுநகர் போனார். இவள் கடையில் பக்கத்து வீட்டு அழகுத்தாயை உட்காரவைத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

டாக்டர் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாரம் இழுத்து இழுத்துப் புண்ணாயிருக்கு. பத்து நாளைக்கு ஒண்ணும் போடாம வெறுங்காதா இருங்க. அப்புறம் வெறும் வயித்தோட வாங்க. மரத்துப்போற ஊசி போட்டு வெட்டித் தைச்சிரலாம்."

"வெட்டுறதுக்கு நான் பயப்படலங்க. அந்தப் பத்து நாள் எதுக்கு?"

"புண்ணு மேல தைச்சா தையல் நிக்காதும்மா."

தள்ளிப்போடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. நேரே பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலிருந்த தவசி ஆசாரியின் பட்டறைக்குப் போனாள். பாம்படத்தைக் கழற்றச் சொன்னதும் ஆசாரி கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்தார்.

"தாயி, அண்ணாச்சி நல்லாத்தான இருக்காக?"

"அவுகளுக்கென்ன, கல்லுக்குண்டு மாதிரி லோடோட போயிருக்காக. நீரு கழட்டும்."

"இல்ல, தாலி கட்டுனவுக இருக்கையில காதை மூளியாக்கி எனக்குப் பழக்கமில்ல. அதான் கேட்டேன்."

எண்ணெய் விட்டுத் திருகி இழுத்ததில் அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது. முப்பது வருஷத்துப் பாரம் இறங்கவும் தலை கழுத்தில்தான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. கண்ணாடியில் பார்த்தாள். காது இரண்டும் அறுந்த ஊஞ்சல் கயிறாகத் தொங்கின. இழவு வீடுகளில், தாலியோடு பாம்படமும் கழற்றப்பட்டவர்களிடம் அவள் பார்த்த முகம் அது. கண்ணாடியைக் கவிழ்த்துவைத்தாள்.

பாம்படத்தை மடியில் முடிந்துகொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி தெருவுக்கு வந்தாள். அப்போது புறப்பட்ட ரெட்டியபட்டி பஸ்ஸில் யார் இருந்தார்கள் என்று அவள் கவனிக்கவில்லை. கல்யாணச் சேலை பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குத்தான் போனாள்.

ஊரில் இறங்கும்போதே ஒப்பாரி கேட்டது. யார் வீட்டில் என்று காதைத் தீட்டிக்கொண்டு நடந்தாள். நடக்க நடக்கச் சத்தம் அவள் வீட்டுப் பக்கமே இழுத்தது. கடை சாத்தியிருந்தது. வாசலில் பெண்கள் வட்டம் கட்டி அழ, நடுவே பெத்தம்மாள் தலையை விரித்துப் போட்டு மாரில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"லோடு ஏத்திப் போன ராசா, எந்தம்பி, திரும்பி வரலியே..."

முத்துமாரிக்குப் புரிந்துவிட்டது. லாரி கவிழ்ந்துவிட்டது, வேறென்ன. சேலைப் பொட்டலம் கை நழுவி விழுந்தது. அவள் காதைப் பார்த்ததும் அழுகை இரண்டு பங்காயிற்று. பெத்தம்மாள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் முட்டி அழுதார்கள்.

"மதினி, அவுகள எங்க போட்டிருக்காக?"

பெத்தம்மாள் அழுகையை நிறுத்தினாள். "என்னையக் கேக்கிற? நீதான அங்கயிருந்து வார?"

"எங்கயிருந்து?"

"ஆசாரி பட்டறை வாசல்ல மூளிக்காதோட அழுதுக்கிட்டு நின்னியே. பஸ்ஸுல இருந்து எங்கண்ணால பாத்தேன்."

முத்துமாரியின் கை காதுக்குப் போனது. அவர் செத்த சேதி அவள் காதிலிருந்துதான் கிளம்பியிருக்கிறது. டாக்டர், புண், பத்து நாள் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை, எழுந்து போகவும் இல்லை. லாரி இன்னும் வரவில்லையே. புருசன் ரோட்டில் இருக்கிற நாளில் தன் கையாலே காதை மூளியாக்கிக்கொண்டோமே, ஊர் வாய் வேறு அழுதுவிட்டதே, பலித்துவிடுமோ என்று அவளுக்குப் பயம் பிடித்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் லாரி வந்தது. ஐயாத்துரை குதித்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார், சாத்திய கடையைப் பார்த்தார், பெண்டாட்டியின் காதைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"ஏ புள்ள, யாரு போனது?"

"நீதான்டா" என்று பெத்தம்மாள் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, அவரையே பிடித்துக்கொண்டு அழுதாள்.

கூட்டம் கலைந்த பிறகு முத்துமாரி மடியை அவிழ்த்துப் பாம்படத்தை நீட்டினாள். "மாட்டிவிடுங்க. எனக்கு இந்தக் காதே போதும். போட்டோவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

அவர் முழுக் கதையையும் கேட்டார். கையில் வாங்கிய பாம்படத்தைத் தன் பனியனுக்குள் போட்டுக்கொண்டார்.

"மாட்டுனா புண்ணு ஆறாதுல்ல? பத்து நாளு லோடு வேற ஆளு கொண்டுபோகட்டும். நான் ஒங்கூடக் கடையில உக்காந்திருக்கேன். காதைப் பாக்கிறவுக என்னையும் பாத்துட்டுப் போகட்டும்."

அப்படியே உட்கார்ந்தார். கொட்டை வாங்க வந்தவர்கள் அவள் காதைப் பார்த்து முகம் வாடுவார்கள். ஐயாத்துரை ஒரு செருமல் செருமுவார். வாடிய முகம் திரும்பும். திருச்சுழியிலிருந்து துக்கம் விசாரிக்க வந்த ஒரு சொந்தக்காரருக்கு அவரே மோர் ஊற்றிக் கொடுத்தார்.

பத்தாம் நாள் வெறும் வயிற்றோடு இருவரும் பஸ் ஏறினார்கள். பெண்கள் சீட்டில் அவளை ஒட்டி உட்கார்ந்தவரைக் கண்டக்டர் எழுப்பினார்.

"பொம்பளைக சீட்டுங்க, எந்திரிங்க."

"போன தடவை இவ தனியாப் போனதுக்கு எனக்கு ஒப்பாரி வச்சுட்டாகப்பா" என்றார் ஐயாத்துரை. "டவுனு வரைக்கும் இங்கனயே இருந்துக்கிறேன்."

முத்துமாரி ஜன்னல் பக்கம் நகர்ந்து அவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டாள்.