‘போறேன்’ என்று சொல்கிறவர்

வாந்திபேதி பரவிய அந்தக் கோடையில் சீவலப்பேரிக்கு அடிக்கடி வந்த மனிதர் அவர். நோயாளிகளை டோலியில் வைத்துப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குச் சுமந்து போகும் நால்வரில் முன்னால் நிற்பவர். நெட்டையான ஆள், மூங்கில் அழுத்தி வலது தோள் காய்த்து, ஒரு பக்கமாக இறங்கியிருக்கும். பெயரை யாரும் கேட்டதில்லை.

தெருமுனையில் நின்று கைமணி அடிப்பார்.

“ஆத்துத் தண்ணியக் காய்ச்சிக் குடிங்க. யாராவது ஓயாம தண்ணி கேட்டா மறைக்காதிய, உடனே சொல்லி அனுப்புங்க.”

கிளம்பும்போது எல்லோரையும்போல ‘வாரேன்’ என்று சொல்லமாட்டார். “போறேன்” என்பார். என் அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டாள்.

“போயிட்டு வாரேன்னு சொன்னா என்ன, அண்ணாச்சி? போறேன்னு சொல்லுதது அபசகுனம்லா?”

“நான் திரும்பி வந்தா நல்லதா, தாயி?”

அதன்பிறகு அவர் ‘போறேன்’ சொல்லிக் கேட்டால்தான் அம்மாவுக்கு மூச்சே வரும்.

கடைசியாக அவரைப் பார்த்தது ஒரு நடுப்பகலில். எதிர்வீட்டுக்காரரை டோலியில் ஏற்றியிருந்தார்கள். மூங்கிலைத் தோளில் வாங்கியவர், வாசலில் நின்ற எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“வாரேன்” என்றார்.

அம்மா தெருவில் இறங்கி ஓடினாள். “அண்ணாச்சி, போறேன்னு சொல்லிட்டுப் போங்க! போறேன்னு சொல்லுங்க!”

டோலி நிற்கவில்லை.

வாய் தவறிச் சொன்னாரா, எங்களில் யார் முகத்திலாவது எதையேனும் கண்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நாங்கள் வீட்டுக்குள் திரும்பியதும் தங்கை தண்ணீர் கேட்டாள். சற்று முன்புதான் ஒரு செம்பு குடித்திருந்தாள்.