சாத்தினாலும் ஒட்டாத கதவு

தேக்கா சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பலசரக்குக் கடை காதர் பாய் தோளைத் தொட்டார். “ஒங்க கூட்டாளி மாணிக்கம் போயிட்டாரு. ஆஸ்பத்திரியிலயே முடிஞ்சிருச்சாம்.” கூடையை அங்கேயே வைத்துவிட்டு நடந்தேன். எந்தப் பக்கம் போகிறேன் என்றே தெரியவில்லை.

காட்சிக்கூடத்தில் அவன் செய்த சின்ன வீடுகளை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மீனவக் குடிசைகளில் தொடங்கி அடுக்குமாடி வீடுகள் வரை, சிங்கப்பூரின் கதையை மேசை மேசையாகச் சொல்லும் கூடம் அது. அவன் பலகை அறுத்து வீடு கட்டுவான். நான் சாயம் பூசுவேன். கூரைக்குச் சிவப்பைக் கூட்டிவிட்டால் போச்சு. “கல்யாண வீடாடா இது? அழுக்கு போடு. உள்ளே மனுசன் இருக்கான்ல!” என்பான்.

ஜப்பான்காரன் காலத்து மேசையில்தான் தகராறு வந்தது. ஊரடங்கு நேரத்துச் சிராங்கூன் சாலை. எல்லா வீடும் சாத்தியிருக்க வேண்டும். ஒரு வீட்டுக் கதவை மட்டும் அவன் திறந்து வைத்திருந்தான். பொறுப்பதிகாரி வந்து பார்த்தார்.

“ஊரடங்குல எவன்யா கதவைத் திறந்து வச்சான்?”

“எங்கம்மாதான் சார்.”

அவன் அண்ணன் ரத்தினத்தைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிப் போனார்கள். அன்றிலிருந்து அம்மா ராத்திரியில்கூடக் கதவைச் சாத்தவில்லை. சண்டை முடிந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். ரத்தினம் வரவில்லை. செத்துவிட்டான் என்று சொல்லவும் ஆளில்லை. சேதி வராமல் எப்படிக் காரியம் செய்வது? அண்ணி பொட்டை அழிக்கவில்லை. அந்த வீட்டில் திதி என்ற பேச்சையே யாரும் எடுத்ததில்லை.

“இது ஊர்க் கதை, உங்க வீட்டுக் கதையில்ல. சாத்துங்க” என்றார் அதிகாரி. எனக்கு வந்த ஆத்திரத்தில் சாய டப்பாவை அவர் சட்டையிலேயே கவிழ்த்திருப்பேன். மாணிக்கம் விரலால் தள்ளிச் சாத்தினான். அவர் போனதும், “பசை போடலடா. தள்ளினா திறக்கும்” என்றான்.

போன வருஷம் அண்ணி இறந்தார். பூவும் பொட்டுமாகத்தான் அனுப்பினோம். ஆஸ்பத்திரியில் நான் கடைசியாகப் பார்த்தபோது மாணிக்கம் என் கையைப் பிடித்துக்கொண்டான். “எனக்குக் காரியம் பண்ணும்போது அண்ணனுக்கும் சேர்த்துப் பண்ணச் சொல்லு. நான் இருக்கற வரைக்கும் வேண்டாம்.”

“வாயைக் கழுவுடா” என்று திட்டிவிட்டு வந்தேன்.

பதினாறாம் நாள். பிண்டம் வைக்கும்போது ஐயர் பெயர் கேட்டார். மாணிக்கத்தின் மகன் அப்பாவின் பெயரைச் சொன்னான். பிறகு என்னைப் பார்த்தான். அப்பா கேட்டதை அவனிடம் முன்பே சொல்லியிருந்தேன். நான்தான் சொன்னேன், “ரத்தினம்.”

இத்தனை வருஷம் அண்ணனைச் சாகவிடாமல் வைத்திருந்தவன் மாணிக்கம். அந்த ஒரு சொல்லை என் வாயில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அடப்பாவி, உன்னை அனுப்பும் நாளில் அவனையும் அனுப்ப வைத்தாயே!